அம்மாவ 20 மணி நேரம் எகானமில உக்கார வெக்கணும், எந்த ரூட் போடலாம்?

பல்லாவரம்_பையன்:
வணக்கம் மக்களே. அம்மாவுக்கு 64 வயசு, சுகர் இருக்கு, முழங்கால் வலி இருக்கு, மொத தடவ பிளேன் ஏறப் போறாங்க, அதுவும் தனியா, சென்னைலேர்ந்து சான் பிரான்சிஸ்கோ. விசா வந்துருச்சு, டிக்கெட் தான் இன்னும் போடல. பிசினஸ் கிளாஸ் போடுப்பான்னு யாரும் ஆரம்பிக்காதீங்க, அந்த காசுக்கு பல்லாவரத்துல மாடில ஒரு ரூம் எடுத்துரலாம்.

ஏன் இவ்ளோ யோசிக்கிறேன்னா போன வருஷம் நான் ஊருக்கு போயிட்டு வளைகுடா வழியா திரும்பினேன். கம்பெனி பேர் வேணாம், பெரிய கம்பெனி தான், விளம்பரத்துல எல்லாரும் சிரிச்சிட்டே இருப்பாங்க. ரெண்டாவது பிளைட் கிட்டத்தட்ட 16 மணி நேரம், வரிசைக்கு பத்து பேர், எனக்கு நடு நாலுல உள்ள தள்ளி ஒரு சீட்டு. ரெண்டு பக்கமும் ரெண்டு ஆஜானுபாகு, நான் முழங்கைய வயித்து மேல கட்டிட்டு படுக்க வெச்ச மாதிரியே வந்தேன். முன்சீட்டுக்கு அடில ஒரு இரும்புப் பொட்டி, டிவிக்கான மெஷினாம், அதனால ஒரு கால் மட்டும் தான் நீட்ட முடியும், அந்த டிவியும் ஓடல, ரெண்டு தடவ ரீசெட் பண்றேன்னு சொல்லிட்டு போனவங்க போனவங்க தான். சாப்பாட்டு வண்டி என்கிட்ட வரும்போது சிக்கன் காலி, பாஸ்தா தான் இருக்குன்னாங்க. எனக்கு 36 வயசு, இறங்கி ரெண்டு நாள் இடுப்பு புடிச்சிக்கிச்சு. இதே சீட்டுல அம்மாவ நெனச்சு பாக்கவே முடியல.

வளைகுடா வழியா 4 + 16 மணி நேரம், பிராங்க்பர்ட் வழியா 10 + 11, சிங்கப்பூர் வழியா 4 + 15, இதான் கைல இருக்குற ஆப்ஷன். எது நல்லது?

நெல்லைச்சீமை:
தம்பி நீ ரொம்ப யோசிக்க. எங்க அம்மா 71 வயசுல வளைகுடா வழியா மூணு தடவ வந்துட்டா, கேட்டா நல்லா தூங்குனேன்ல்லா ங்கா. எது சீப்போ அத போடு, மிச்ச காச அம்மா கைல குடு.

ஜன்னல்சீட்டு:
நெல்லை அண்ணாச்சி சொல்றத நான் ஒத்துக்க மாட்டேன். எல்லாரும் கம்பெனி பேரையும் ஸ்டார் ரேட்டிங்கையும் பாத்து டிக்கெட் போடுறாங்க, எகானமில உக்காரப் போற உனக்கு அதுனால பத்து பைசா பிரயோஜனம் இல்ல. பாக்க வேண்டியது எந்த பிளேன், ஒரு வரிசைல எத்தன சீட்டுங்கிறது தான்.

போயிங் 777 பிளேன் வந்தப்போ பெரும்பாலான கம்பெனிங்க 9 சீட்டு தான் போட்டாங்க. அப்புறம் அதே அகலத்துல 10 சொருகினாங்க, 3-4-3. பிளேன் உடம்பு பெருசாகல, அதனால ஒவ்வொருத்தர் சீட்டுலேர்ந்தும் ஒரு இன்ச்சுக்கு மேல போச்சு, நடைபாதையும் ஒல்லி ஆச்சு. இப்ப 10 சீட்டு 777ல அகலம் சுமாரா 17 இன்ச். ஏர்பஸ் ஏ350ல 3-3-3 போட்டா சுமாரா 18. ஒரு இன்ச் தானேன்னு சிரிக்காதீங்க, தோள்பட்டை இடிக்குறதும் இடிக்காததும் அந்த ஒரு இன்ச்சு தான். போயிங் 787ம் 8 சீட்டுக்கு நல்லா இருந்திருக்கும், ஆனா கிட்டத்தட்ட எல்லாரும் 9 போட்டு மறுபடியும் 17க்கு கொண்டு வந்துட்டாங்க. ஜப்பான் ஏர்லைன்ஸ் மட்டும் வெளிநாட்டு ரூட்டுல ஓட்டுற 787ல இன்னும் 2-4-2 வெச்சிருக்கு, பெங்களூர்லேர்ந்து டோக்கியோ வழியா போறவங்க குடுத்து வெச்சவங்க.

அப்புறம் பிட்ச் 32 இன்ச்சுன்னு போட்டிருந்தா அது காலுக்கு உள்ள இடம் இல்லைங்க, உங்க சீட்டுல ஒரு புள்ளிலேர்ந்து முன்சீட்டுல அதே புள்ளி வரைக்கும் உள்ள தூரம், சீட்டோட தடிமன அதுலேர்ந்து கழிச்சுக்கணும். மெல்லிசான சீட்டா இருந்தா 31லயே முட்டி இடிக்காது, ஆனா ஆறு மணி நேரத்துல பின்பக்கம் பலகைல உக்காந்த மாதிரி ஆயிடும்.

இன்னொண்ணு, ஏ350யும் 787ம் உள்ள காத்தழுத்தத்த 6000 அடி உயரத்துல இருக்குற மாதிரி வெச்சுக்கும், பழைய பிளேன்ல 8000 வரைக்கும் போகும். ஈரப்பதமும் கொஞ்சம் ஜாஸ்தி. இறங்கும்போது தலைவலி கம்மியா இருக்குறதுக்கு இதான் காரணம். வயசானவங்களுக்கு இது பெரிய விஷயம்.

நெல்லைச்சீமை:
ஏலே, சீட்டு அளக்க டேப்பு எடுத்துட்டுப் போவியோ? எங்க காலத்துல திருநெல்வேலி டூ மெட்ராஸ் ராத்திரி பஸ்ல போனவனுக்கு இதெல்லாம் சொர்க்கம்டே.

ஜன்னல்சீட்டு:
அண்ணாச்சி அந்த பஸ் விழுப்புரத்துல நிக்கும், எறங்கி ஒரு டீ குடிக்கலாம். இது நடுக்கடல்ல நிக்காது.

கால்வலி_கனகா:
நான் பிசியோதெரபிஸ்ட், கோயம்புத்தூர்ங்க. அகலம் இருக்கட்டும், எனக்கு பயம் டி.வி.டி. தான். படம் பாக்குற டிவிடி இல்லைங்க, கால் ரத்தக்குழாய்ல ரத்தம் கட்டிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2007ல வெளியிட்ட ஆய்வுல, 4 மணி நேரத்துக்கு மேல அசையாம உக்காந்து பயணம் பண்ணினா இந்த ஆபத்து ரெண்டு மடங்கு ஆகுதுன்னு சொன்னாங்க. பிளேன் மட்டும் இல்ல, பஸ்சு, ரயிலு, காரு எல்லாத்துக்கும் தான். பயந்துராதீங்க, ஆரோக்கியமா இருக்குறவங்களுக்கு 6000 பேருல ஒருத்தருக்குங்கிற அளவு தான். ஆனா வயசு, உடம்பு எடை, சமீபத்துல ஆபரேஷன், முன்னாடி ரத்தக்கட்டு இருந்ததுன்னா கணக்கு மாறிடும், அவங்க டாக்டர ஒருக்கா கேட்டுட்டு தான் கெளம்போணும்.

அம்மாவுக்கு நடைபாதை ஓர சீட்டு போடுங்க, கண்ண மூடிட்டு. ஜன்னல் சீட்டு போட்டீங்கன்னா பக்கத்துல தூங்குற ரெண்டு பேர எழுப்பணுமேன்னு கூச்சப்பட்டு பாத்ரூம் போக மாட்டாங்க, பாத்ரூம் போக வேண்டி வருமேன்னு தண்ணியே குடிக்க மாட்டாங்க, நம்ம அம்மாக்கள் அத்தன பேரும் இப்படித்தான். கால் வீங்கி செருப்பு ஏறாம இறங்குறவங்க பாதி பேரு இந்த கேஸ் தானுங்க. உக்காந்த எடத்துலயே குதிகால ஊணி முன்பாதத்த தூக்கி எறக்கறது, தையல் மெஷின் மிதிக்கிற மாதிரி, அப்படி சொல்லிக் குடுத்தா டக்குனு புரிஞ்சுக்குவாங்க.

சுகர் மாத்திரை, இன்சுலின் எல்லாம் கைப்பைல, சீட்டோட. லக்கேஜ்ல போடவே கூடாது. சாப்பாடு குடுக்குறப்ப தூங்கிட்டா சுகர் எறங்கிடும், ரெண்டு கடலை மிட்டாய் கைல இருக்கோணும்.

முன்னாள்_ட்ராலி:
வளைகுடா கம்பெனி ஒண்ணுல 7 வருஷம் கேபின் க்ரூவா இருந்தேன், இப்ப திருச்சில செட்டில். பையனோட கோவம் நியாயம் தான், ஆனா அந்தப் பக்கம் என்ன நடக்குதுன்னும் சொல்றேன்.

சிக்கன் காலி ஆகுறது எப்படின்னா, ரெண்டு வகை சாப்பாடும் ஆளுக்கு ஒண்ணுன்னு ஏத்த மாட்டாங்க, ஒரு விகிதம் வெச்சு தான் ஏத்துவாங்க. வண்டி ஆரம்பிக்கிற பக்கம் எல்லாரும் சிக்கன் கேட்டா கடைசில உக்காந்தவனுக்கு பாஸ்தா தான், நாங்க மேஜிக்கா பண்ண முடியும்? இதுக்கு ஒரே வழி ஸ்பெஷல் மீல் போடுறது, அத வண்டிக்கு முன்னாடியே பேர் பாத்து கொண்டு வந்து குடுத்துருவோம். ஆனா ஒரு கண்ணி இருக்கு, இந்து மீல்னு போட்டா சைவம்னு நெனச்சிக்கிறாங்க. அது சைவம் இல்ல! மாட்டுக்கறி இருக்காது, அவ்ளோ தான், கோழி வரும், ஆடு வரும். ஏசியன் வெஜிடேரியன்னு போடணும். எத்தன மாமிங்க தட்ட தொறந்து பாத்து அழுதிருக்காங்க தெரியுமா, ஒருத்தங்க வெறும் பன்னும் வெண்ணையும் மட்டும் சாப்பிட்டு 14 மணி நேரம் வந்தாங்க. 24 மணி நேரத்துக்கு முன்னாடியே போட்டுருங்க, ரெண்டு பிளைட்டும் வேற வேற கம்பெனின்னா ரெண்டுலயும் தனித்தனியா செக் பண்ணுங்க, ஒண்ணுல போட்டது இன்னொண்ணுக்கு போகாம நிக்கும்.

நடுராத்திரி பெல் அடிச்சா யாரும் வரலன்னு நெறைய பேர் திட்டுறாங்க. நீண்ட பிளைட்ல பாதி க்ரூ அவங்களுக்குன்னு இருக்குற படுக்கைல படுத்திருப்பாங்க, சட்டப்படி ஓய்வு குடுத்தே ஆகணும். மிச்ச பாதி முன்னூத்தி சொச்சம் பேர பாக்கணும். பெல் அடிக்கிறதுக்கு பதிலா எழுந்து பின்னாடி கேலிக்கு, அதான் சாப்பாடு எடுத்து வெக்கிற எடத்துக்கு, நடந்து போய் கேளுங்க, தண்ணி, ஜூஸ், பிஸ்கட், சில நேரம் சாண்ட்விச் எல்லாம் அங்க எடுத்து வெச்சிருப்போம். கால் நடந்த மாதிரியும் ஆச்சு.

கொளத்தூர்_குமார்:
எல்லாம் சரி மேடம், ஒண்ணு கேக்குறேன். சென்னை டூ வளைகுடா பிளைட்ல ஒரு மூஞ்சி, அங்கேர்ந்து லண்டனோ நியூயார்க்கோ போற பிளைட்ல வேற மூஞ்சி, அது ஏன்? அதே யூனிபார்ம் தான். எங்க அப்பா போர்வை இன்னொண்ணு கேட்டதுக்கு ஒரு ஆளு ‘ஒன் பர் பாசஞ்சர்’னு விரல ஆட்டுனான், அடுத்த பிளைட்ல வெள்ளைக்காரர் கேட்டதும் ‘ஆஃப்கோர்ஸ் சார்’. நான் கண்ணால பாத்தது.

முன்னாள்_ட்ராலி:
இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். நம்ம ஊரு ரூட்டுனாலே முகத்த சுளிக்கிற ஆளுங்க க்ரூல இருந்தாங்க, நானே சண்ட போட்டிருக்கேன். ஆனா இன்னொரு பக்கம், நாலு மணி நேர பிளைட், ராத்திரி, ஒரு சீட்டு காலி இல்ல, அதுக்குள்ள சாப்பாடு, தண்ணி, குப்பை, வீல்சேர் ஆளுங்க, டாய்லெட்ல தண்ணி சிந்தினத தொடைக்கிறது, எல்லாம் முடிக்கணும். 15 மணி நேர பிளைட்ல அதே ஆளு நிதானமா இருப்பான், சிரிப்பும் வரும். உங்க அப்பாவுக்கு நடந்தது தப்பு, அதுக்கு நான் வக்காலத்து வாங்கல. பேர் பேட்ஜ்ல இருக்கும், அத குறிச்சு கம்ப்ளைன்ட் எழுதுங்க, நல்லா பாத்துக்கிட்டவங்களுக்கும் எழுதுங்க, ரெண்டுமே அவங்க பைலுக்கு போகும்.

கொளத்தூர்_குமார்:
எழுதினேன். வருத்தம் தெரிவிக்கிறோம்னு மெயில் வந்துச்சு, அப்பா பேர தப்பா போட்டு.

யாழ்_ஸ்கார்பரோ:
நான் போன வருசம் கொழும்பில இருந்து அம்மாவ ரொறன்ரோவுக்குக் கூப்பிட்டனான். ஒருத்தரும் கதைக்காத விசயம் ஒண்டு சொல்லுறன், பிளேன் டொய்லெட். கதவு மடிஞ்சு உள்ளுக்கு போற மாதிரி இருக்கும், அம்மா இழுத்து இழுத்துப் பாத்திட்டு திறக்கேலாம திரும்பி வந்து இருந்திட்டா. ஆறு மணித்தியாலம் ஒருத்தரிட்டயும் கேக்கேல்லை! வந்து இறங்கினாப் பிறகுதான் சொன்னவ. நடுவில தள்ள வேணும் எண்டு முதலே ஒரு வீடியோ காட்டியிருந்தா முடிஞ்சிருக்கும். ஃபிளஷ் சத்தத்துக்கும் பயந்து போனா, அது காத்தால இழுக்கிறபடியா அப்பிடிச் சத்தம் எண்டு சொல்லி வையுங்கோ. கழுவ தண்ணிக் குழாய் இருக்காது, சின்ன வெறும் போத்தல் ஒண்டு கைப்பையில வைச்சு விடுங்கோ, உள்ள வோஷ் பேசினில நிரப்பலாம். வெக்கப்படுற விசயம் இல்லை, எங்கட சனம் எல்லாருக்கும் இருக்கிற பிரச்சினை.

கொளத்தூர்_குமார்:
இத பதிவு பண்ணதுக்கே உங்களுக்கு கோயில் கட்டணும்.

ஜன்னல்சீட்டு:
சாப்பாட்டு விஷயம் ஒண்ணு விட்டுப் போச்சு. மேல போனா உப்பும் இனிப்பும் நாக்குக்கு சரியா தெரியாது, காத்து வறண்டு மூக்கு அடைச்சிக்குது, இரைச்சல் வேற. லுஃப்தான்சா 2010 வாக்குல ஜெர்மனில ஃபிரான்ஹோஃபர் ஆளுங்கள வெச்சு அழுத்தம் குறைச்ச ஒரு பிளேன் கூண்டுலயே ஆட்கள உக்கார வெச்சு டெஸ்ட் பண்ணாங்க, கீழ யாரும் சீண்டாத தக்காளி ஜூஸ் மேல ஏன் அப்படி ஓடுதுன்னு பாக்க. புளிப்பு அவ்ளோவா குறையல. அதனால தான் வீட்டுலேர்ந்து கட்டிட்டு போற தயிர்சாதம் மேல சப்புனு இருக்கும், புளியோதரை மட்டும் தூள் கெளப்பும். நம்ம பாட்டிங்க எந்த ஆய்வும் படிக்காம தான் பயணத்துக்கு புளிசோறு கட்டினாங்க.

கால்வலி_கனகா:
சுகர் இருக்குறவங்களுக்கு புளிசோறா, நல்லா இருக்கு. ரெண்டு சப்பாத்தி கட்டி விடுங்க. எறங்குறதுக்கு முன்னாடி மிச்சத்த தூக்கிப் போட சொல்லுங்க, ட்ரேல குடுத்த ஆப்பிளா இருந்தாலும் அமெரிக்காவுக்குள்ள பழத்த சொல்லாம எடுத்துட்டு போனா அபராதம் போடுவாங்க.

பல்லாவரம்_பையன்:
எல்லாருக்கும் நன்றி, நோட்டு போட்டு எழுதிட்டு இருக்கேன். ரெண்டு சந்தேகம். எமர்ஜென்சி வரிசை காலுக்கு இடம் ஜாஸ்தின்னு காசு குடுத்து வாங்கலாமா? வீல்சேர் போடலாமா, அம்மா நடப்பாங்க, ஆனா இங்கிலீஷ் அவ்ளோவா வராது.

முன்னாள்_ட்ராலி:
எமர்ஜென்சி வரிசை மறந்துருங்க. ஆபத்துன்னா கதவ தொறக்க உதவணும், சொல்றது புரியணும், உடம்பு தெம்பு இருக்கணும், வீல்சேர் கேட்டவங்கள அங்க உக்கார வெக்கவே மாட்டோம். காசு குடுத்து வாங்கிட்டு வந்தாலும் எழுப்பி வேற எடத்துல உக்கார வெப்போம். முன்னாடி சுவர் வர்ற வரிசைல ட்ரே கைப்பிடிக்குள்ள இருக்கும், அதனால கைப்பிடி தூக்க முடியாது, சீட்டும் ஒடுங்கும், தொட்டில் மாட்டுற எடம் வேற, ஒரு கைக்குழந்தை கண்டிப்பா இருக்கும். சாதா நடைபாதை சீட்டு, டாய்லெட்லேர்ந்து நாலஞ்சு வரிசை தள்ளி. ஒட்டி வேணாம், க்யூ நிக்கிறவங்க இடுப்பு மூஞ்சில இடிக்கும். கடைசி வரிசையும் வேணாம், பாதி பிளேன்ல சாயாது.

வீல்சேர்ல மூணு வகை இருக்கு. படி ஏறுவாங்க, தூரம் மட்டும் நடக்க முடியாதுங்கிறது ஒண்ணு, படியும் ஏற முடியாதுங்கிறது ஒண்ணு, சீட்டு வரைக்கும் தூக்கிட்டு போகணும்ங்கிறது ஒண்ணு. அம்மாவுக்கு மொத வகை போதும், முழங்கால் வலி உண்மை தானே. மாறுற ஏர்போர்ட்ல கேட் விட்டு கேட் கூட்டிட்டு போறதுக்கு அதைவிட நிம்மதி வேற இல்ல. ஆனா பாஷைக்காக மட்டும் கல்லு மாதிரி இருக்குறவங்களுக்கு போடாதீங்க, அதுக்கு கூட்டிட்டு போய் விடுற மீட் அண்ட் அசிஸ்ட்னு தனியா இருக்கு. நெசமாவே நடக்க முடியாத ஒரு பாட்டி நாப்பது பேருக்கு பின்னாடி வீல்சேருக்கு காத்திருக்கிறத நான் பாத்திருக்கேன்.

நெல்லைச்சீமை:
சீட்ட சாய்க்கலாமா கூடாதான்னு யாருமே பேசலியே. எனக்கு முன்னால இருந்தவன் ஏறினதும் சாச்சுட்டான், என் லேப்டாப் மூடி நசுங்கிட்டு.

ஜன்னல்சீட்டு:
சாய்க்குறது அவன் வாங்கின உரிமை. சாப்பாட்டு நேரத்துல நிமித்தணும், அவ்ளோ தான்.

நெல்லைச்சீமை:
அப்போ முன்னால தள்ளுற முட்டி என் உரிமை.

சிங்கை_சீனு:
சிங்கப்பூர் வழிய யாரும் பேசலியே, நான் பேசுறேன் லா. சிங்கப்பூர்-சான் பிரான்சிஸ்கோ நேரடி பிளைட் ஏ350, எகானமில 3-3-3. அதே ஏர்லைன்ஸ் நியூயார்க் போற ரொம்ப நீள பிளைட்டுக்கு வெச்சிருக்கிற ஏ350ல எகானமியே கிடையாது தெரியுமா, மொத்தமே 161 சீட்டு, பிசினஸ்சும் பிரீமியம் எகானமியும் தான். நமக்கு 15 மணி நேரம் உண்டு, அனுபவி. பசிபிக் மேல காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அதப் பொறுத்து போற நேரமும் வர்ற நேரமும் மாறும். சாங்கி ஏர்போர்ட்ல நாலு மணி நேரம் இடைவெளி வர்ற மாதிரி போடு, அம்மா கால நீட்டி உக்காந்து ஒரு தோசை சாப்பிட்டு போகட்டும், பேச தமிழ் ஆளு எப்படியும் கிடைச்சிடும். பிராங்க்பர்ட் சரி பாதியா பிரியுது, அதுவும் நல்லது தான், யூஎஸ் விசா இருக்கிறதால டிரான்சிட் விசா தொல்லையும் இல்ல. ஆனா மொத தடவ தனியா வர்றவங்களுக்கு பாஷை பாரு.

பல்லாவரம்_பையன்:
சிங்கப்பூரே போட்டுட்டேன். 11 ஆயிரம் ரூபா ஜாஸ்தி. நடைபாதை சீட்டு, ஏசியன் வெஜ், வீல்சேர் மொத வகை, கால் வீங்காம இறுக்கிப் புடிக்கிற சாக்ஸ், வெறும் பாட்டில், டாய்லெட் வீடியோ எல்லாம் ரெடி. வந்ததும் சொல்றேன்.

பல்லாவரம்_பையன்:
அப்டேட். அம்மா நேத்து வந்து சேந்துட்டாங்க. கால் வீங்கல. ஏர்போர்ட்ல வெளிய வரும்போது வீல்சேர் தள்ளிட்டு வந்த பொண்ணு பேரு, ஊரு, கல்யாணம் ஆச்சா வரைக்கும் தெரிஞ்சு வெச்சிருக்காங்க, பாஷை எப்படின்னு கேக்காதீங்க. 15 மணி நேரமும் படம் பாக்கலையாம், மேப்ப மட்டும் வெச்சிட்டு பிளேன் பொம்மை நகருறத பாத்துட்டே இருந்தாங்களாம், டோக்கியோ பக்கம் திரும்புனப்போ வழி தப்பிட்டான்னு பயந்தாங்களாம். சீட்ட சாய்க்கவே இல்ல. பட்டன் தெரியலையான்னு கேட்டேன், தெரியும்டா, பின்னாடி ஒரு புள்ள தூங்கிட்டு இருந்துச்சுன்னாங்க. நடுராத்திரி ரெண்டு தடவ பின்னாடி கேலிக்கு போய் நின்னு சுடுதண்ணி வாங்கி குடிச்சாங்களாம், ட்ராலி அக்காவுக்கு ரொம்ப நன்றி.

சாக்ஸ் மட்டும் இல்ல. பக்கத்து சீட்டு அம்மாவுக்கு கால் கடுக்குதுன்னு சொன்னாங்களாம், சாங்கிலயே கழட்டி குடுத்துட்டாங்க. இப்ப திரும்பி போறதுக்கு வேற வாங்கணும், இங்க பார்மசில பாத்தா நாப்பது வகை தொங்குது, எத வாங்குறது கனகாக்கா?

கால்வலி_கனகா:
கழட்டி குடுத்துட்டாங்களா, போங்க! காலைல எந்திரிச்சதும் வீக்கம் இல்லாதப்ப கணுக்கால் சுத்தளவு, கெண்டைக்கால் சுத்தளவு ரெண்டும் டேப்பு வெச்சு அளந்துக்குங்க, பாக்கெட் பின்னாடி அட்டவணை இருக்கும். முட்டிக்கு கீழ வரைக்கும் வர்றது, அழுத்தம் 15-20ன்னு போட்டிருக்கும், அது போதும். சுகர் இருக்குறதால அளவு டைட்டா வாங்கிடாதீங்க, போட்டு அரை மணி நேரம் கழிச்சு விரல் நெறம் மாறுதான்னு பாருங்க. ரெண்டு ஜோடியா வாங்கிக்குங்க.